கறுப்புக் கண்களின் வழியே டோப்ருஜாவுக்கு

புக்காரெஸ்ட் நகரின் வடபகுதியில் டொரோபன்ட்ஸ் வட்டாரத்துக்குள் நுழைந்ததும் தலைநகரின் இரைச்சல் அடங்கிவிடுகிறது. தூதரகங்கள், மாடி வைத்த பழைய வீடுகள், மதிலுக்கு மேல் தலைநீட்டும் லிண்டன் மரங்கள். அங்கே ஒரு குறுகிய தெருவுக்கு அருங்காட்சியகத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கிரிகோர் சம்பக்சியான் என்ற ஆர்மீனிய வணிகரின் வீடு அது. 1889-இல் கருங்கடல் துறைமுகமான கான்ஸ்டன்ட்சாவில் பிறந்தவர். வியாபாரத்தில் சம்பாதித்ததை ஓவியங்களில் போட்டார். ஓவியர்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டார், கடன் கொடுத்தார், அவர்களோடு சண்டையும் போட்டார். 1947-இல் வீட்டையும் படங்களையும் நாட்டுக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். 1977-இல் அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சி அந்த வீட்டைப் பூட்டிப் படங்களை வேறிடத்துக்குக் கொண்டுபோனது. அந்த ஆட்சி விழுந்த பிறகுதான் படங்கள் பழைய சுவர்களுக்குத் திரும்பின.

பெரும்பாலோர் இங்கே வருவது பிரெஞ்சு ஓவியர் செசானுக்காக. ருமேனியா முழுவதிலும் செசான் வரைந்த படம் இந்த ஒரு வீட்டில்தான் இருக்கிறது. நான் வந்தது ருமேனிய ஓவியர் நிகொலாயே டோனிட்சாவுக்காக.

மாடியில் ஒரு சிறிய அறை. ஓர் இளம்பெண்ணின் தலையும் தோளும் மட்டும். அட்டைமேல் எண்ணெய் வண்ணம். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிடலாம் போன்ற சிறிய படம். பெண் என்பதற்கு மேல் அவளைப் பற்றி எந்த விவரமும் எழுதப்படவில்லை. தலையில் முக்காடு, முகம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கன்னத்தில் பழுத்த ஆரஞ்சு நிறம். கழுத்தில் நிழல் விழும் இடத்தில் கறுப்பைப் பூசாமல் சாம்பல் கலந்த ஒரு பச்சையை இழுத்திருக்கிறார். காதோரம் தொடங்கித் தாடையைச் சுற்றிவரும் கருநீலக் கோடு ஒரே இழுப்பில் வந்திருக்கிறது. தாடையின் நுனியில் தூரிகை ஒரு கணம் தூக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அட்டையின் மண்நிறம் அப்படியே தெரிகிறது. முக்காட்டின் ஓரங்களிலும் இதே கதைதான். முடிக்காமல் விட்ட இடங்கள் படம் முழுக்க இருக்கின்றன. முடிக்காமல் விட்டதால்தான் அந்த முகம் இன்னும் ஈரமாக, இப்போதுதான் திரும்பியதுபோல் இருக்கிறது.

கண்களுக்கு வருகிறேன். டோனிட்சாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடைசியில் கண்களுக்குத்தான் வந்து சேர்வார்கள். இரண்டு கறுப்பு வட்டங்கள். பாவைக்கும் கருவிழிக்கும் வேறுபாடு கிடையாது, வெண்விழி பெயருக்கு ஒரு கீற்று. வலக்கண் இடக்கண்ணைவிடச் சற்றுப் பெரியது. இடக்கண்ணில் மட்டும் ஊசிமுனை அளவு வெள்ளை. வலக்கண்ணில் அதுவும் இல்லை. தூரத்தில் நின்று பார்க்கும்போது இது தெரியாது. முகத்தில் உயிர் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் அடங்கியதுபோல் ஏதோ ஒன்று மட்டும் தோன்றிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்த பிறகுதான் எனக்குக் காரணம் புலப்பட்டது.

அறைக்குக் காவல் இருந்த முதிய பெண்மணி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. "நீங்கள் பார்ப்பது டோனிட்சா," என்றார் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த மொழியில். பிறகு தன் கண்களைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்: "பெரிய கறுப்புக் கண்ணோடு குழந்தை பிறந்தால் எங்கள் ஊரில் டோனிட்சா கண் என்போம். என் பேத்திக்கு அப்படித்தான்." கைப்பேசியில் பேத்தியின் படத்தையும் காட்டினார். உண்மைதான்.

ஓர் ஓவியனுக்கு இப்படி ஒரு புகழ் கிடைப்பது அரிது. ஆனால் இந்தப் புகழே டோனிட்சாவுக்கு ஓர் அநியாயத்தையும் செய்திருக்கிறது. அவர் வரைந்த குழந்தைகளின் முகங்கள் நாட்காட்டிகளிலும் பாடப்புத்தகங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் அச்சாகி அச்சாகி, அவர் செல்லமான முகங்களின் ஓவியர் என்று பெயர் வாங்கிவிட்டார். குழந்தைப் படங்களை மட்டும் பார்த்தவர்கள் அந்தக் கண்களில் பரிதாபத்தைத்தான் காண்கிறார்கள். வளர்ந்த பெண்களை அவர் வரைந்த படங்களின் முன்னால் நிற்க வேண்டும். அங்கே பரிதாபத்துக்கு இடமே கிடையாது. அந்தப் பெண் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

டோனிட்சா 1886-இல் மால்டோவியப் பகுதியின் பர்லாட் என்ற சிற்றூரில் பிறந்தார். யாஷ் நகர ஓவியப் பள்ளியில் சேர்ந்து, மாணவர் கிளர்ச்சியில் இறங்கி, அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். 1908-இல் மியூனிக் கலைக்கழகம், அதன்பின் பாரிஸ். மியூனிக்கில் அவர் இருந்த ஆண்டுகளில் 'சிம்ப்ளிசிசிமுஸ்' என்ற கேலிச்சித்திர இதழ் அந்த ஊரில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. தட்டையான வண்ணம், தடித்த ஒற்றைக் கோடு, தேவையற்ற எதுவும் இல்லாத முகம். டோனிட்சாவின் தாடைக்கோட்டைப் பார்க்கும்போது அந்த இதழின் பக்கங்கள் அவர் கைக்குள் எங்கோ போய்த் தங்கிவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்டுகள் தம் வேதனையைச் சொல்ல எதிரில் இருப்பவரின் முகத்தைக் கோணலாக்கினார்கள். டோனிட்சா முகத்தை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பெரிதாக்கினார். கேட்கச் சின்ன வேறுபாடு. ஆனால் அந்தப் பெண்ணின் மரியாதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பாரிஸிலிருந்து திரும்பியவருக்குக் கிடைத்த வேலை கோயில் வேலை. மால்டோவியக் கிராமத் தேவாலயங்களின் சுவர்களில் புனிதர்களை வரைந்தார். நவீன ஓவியத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்த இளைஞர், சாரத்தின்மேல் ஏறி நின்று, பல நூற்றாண்டு மரபின்படி கன்னிமேரியின் கண்ணை எழுதினார். வரலாற்று நூல்கள் இதைப் பிழைப்புக்காகச் செய்த வேலையாக ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை.

அதனால் அடுத்த நாள் தேசியக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். காலேயா விக்டோரியே சாலையில் இருக்கும் பழைய அரண்மனை அது. எதிரே புரட்சிச் சதுக்கம். 1989 டிசம்பர் 21 அன்று ஆட்சித் தலைவர் சௌசெஸ்கு கட்சித் தலைமையகத்தின் மாடத்தில் நின்று தன் கடைசிப் பொதுக்கூட்டத்தில் பேசியது இங்கேதான். அதைத் தொடர்ந்த நாட்களின் துப்பாக்கிச் சூட்டிலும் தீயிலும் அருங்காட்சியகம் சிக்கியது. ஏராளமான ஓவியங்கள் சேதமடைந்தன. சீரமைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று அந்தக் கூடங்களில் நடக்கும்போது மெழுகு வாசனை வரும் பளபளத்த தரையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

நான் தேடிப்போனது பழைய ருமேனியக் கலைப் பிரிவை. கர்ட்டேயா தே ஆர்ஜெஷ் மடாலயத்தின் 16-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத் துண்டுகள் அங்கே இருக்கின்றன. 1980-களில் சௌசெஸ்கு இடித்துத் தள்ளிய வக்கரெஷ்ட் மடாலயத்திலிருந்து பெயர்த்தெடுத்துக் காப்பாற்றிய பகுதிகளும் இருக்கின்றன. சுவர் போய்விட்டது, முகங்கள் மிஞ்சின. அந்த முகங்களின் முன்னால் நின்றபோது, சம்பக்சியான் வீட்டில் எனக்கு விளங்காமல் இருந்தது பாதிக்குமேல் விளங்கிவிட்டது. பைசாந்திய மரபில் கண் என்பது உணர்ச்சியைக் காட்டும் இடமில்லை. வழிபட வந்தவரைப் புனிதர் பார்க்கும் இடம் அது. அதனால் அது பெரிதாக, இருண்டதாக, இமைக்காததாக இருக்கிறது. வந்தவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது விடாது. டோனிட்சா அந்தக் கண்ணை எடுத்து வந்து ஒரு கிராமத்துப் பெண்ணின் முகத்தில் வைத்துவிட்டார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இல்லை, தங்கப் பூச்சு இல்லை. பார்வை மட்டும் அப்படியே வந்திருக்கிறது.

அந்தப் பார்வைக்குப் பின்னால் இன்னொன்றும் அவர் வாழ்க்கையில் உண்டு. முதல் உலகப்போரில் அவர் படையில் இருந்தார். 1916 செப்டம்பரில் டான்யூப் கரையிலிருந்த துர்த்துகாயா கோட்டை பல்கேரியர்களிடம் விழுந்தபோது, பிடிபட்ட இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட ருமேனியர்களில் டோனிட்சாவும் ஒருவர். பல்கேரியாவின் தென்கோடியில் கர்ட்ஜாலி முகாமில் அடைக்கப்பட்டார். மலேரியா பிடித்தது, மூட்டுவாதம் பிடித்தது. 1918-இல்தான் திரும்பினார். திரும்பியவர் தொழிலாளர் பத்திரிகைகளுக்குப் படம் போட்டார், கட்டுரை எழுதினார். 1920-இல் 'ரொட்டிக்கான வரிசை' என்ற ஓவியத்தை வரைந்தார். போரில் கணவனை இழந்தவர்கள், பசியோடு நிற்பவர்கள், கல்லறைக்கு வந்த பெண்கள் என்று அந்த ஆண்டுகளில் அவர் தூரிகை பெண்களைச் சுற்றியே அலைந்தது. நகரத்தில் வாழக் கட்டுப்படியாகாமல் வலெனி தே முன்டே என்ற மலையடிவாரச் சிற்றூருக்குக் குடும்பத்தோடு போனார். அங்கே அவர் வண்ணங்கள் மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு வந்தன. துயரம் நிறத்தைவிட்டு இறங்கிக் கண்ணில் மட்டும் தங்கிவிட்டது என்று சொல்லலாம். 1926-இல் ஓவியர்கள் சிராட்டோ, ஷ்டெபான் டிமிட்ரெஸ்கு, சிற்பி ஆஸ்கர் ஹான் ஆகியோருடன் 'நால்வர் குழு' அமைத்தார். அதற்குமேல் அவருக்குப் பெயரும் புகழும் இருந்தன. பணம்தான் எப்போதும்போல் போதவில்லை.

அவருடைய கடைசிப் பத்தாண்டுகளின் பெண் முகங்களில் பெரும்பங்கு டோப்ருஜாவில் பிறந்தவை. டான்யூபுக்கும் கருங்கடலுக்கும் இடைப்பட்ட நிலம். புக்காரெஸ்ட் வடக்கு நிலையத்திலிருந்து கான்ஸ்டன்ட்சாவுக்கு ரயில் பிடித்தேன். வெளியே பொட்டல் சமவெளி, சூரியகாந்தி வயல்கள், சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. செர்னவோடாவில் டான்யூப் வரும்போதுதான் பெட்டியில் எல்லோரும் ஜன்னலுக்குத் திரும்புகிறார்கள். புதிய பாலத்தில் ரயில் போகிறது. பக்கத்திலேயே அங்கெல் சலிக்னி கட்டி 1895-இல் திறந்த பழைய இரும்புப் பாலம் நிற்கிறது. அந்நாளில் ஐரோப்பாவின் மிக நீளமான பாலம். அதன் முகப்பில் துப்பாக்கி ஏந்திய இரு வெண்கலக் காலாட்படை வீரர்கள் காவல் நிற்கிறார்கள். டோனிட்சா இந்த ஆற்றைக் கடந்தது அந்தப் பாலத்தின் வழியேதான். துர்த்துகாயா இதே ஆற்றின் கரையில், மேற்கே கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஒவ்வொரு முறை இதைக் கடக்கும்போதும் அவர் அதை நினைக்காமல் இருந்திருப்பாரா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வட டோப்ருஜா 1878-இல் ருமேனியாவுக்கு வந்தது. அதுவரை ஓட்டோமான் பேரரசின் பகுதி. துருக்கியர், தாத்தாரியர், பல்கேரியர், கிரேக்கர், ஆர்மீனியர், ககவூஸ்கள், ரஷ்யாவில் மதச் சீர்திருத்தத்தை ஏற்காமல் வெளியேறி டான்யூப் கழிமுகத்தில் மீன்பிடித்து வாழும் லிப்போவானியர் என்று ஒவ்வோர் ஊரிலும் பல மொழிகள் கேட்டன. டோனிட்சா வரைந்த லிப்போவானியப் பெண் கத்யூஷாவின் முகம் ருமேனியர்கள் எல்லோரும் அறிந்தது. கான்ஸ்டன்ட்சாவுக்குத் தெற்கே மங்காலியா என்ற ஊரில் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எஸ்மஹான் சுல்தான் பள்ளிவாசலைப் பார்த்தேன். ருமேனியாவில் இருப்பவற்றிலேயே பழையது. முன்னால் கல்லறைத் தோட்டம், சாய்ந்த கற்களில் தலைப்பாகை வடிவங்கள். தொழுகை முடிந்து வெளியே வந்த தாத்தாரியப் பாட்டி ஒருவர் பேரனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி என்னை ஏறிட்டுப் பார்த்தார். அகன்ற கன்னம், சிறிய வாய். அந்த முகத்தின் அமைப்பை எங்கே பார்த்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மங்காலியாவிலிருந்து வாமா வெக்கே எல்லையைத் தாண்டிப் பல்கேரியாவுக்குள் போனால் பால்ச்சிக். டோனிட்சாவின் நாளில் இந்த எல்லை இங்கே இல்லை. 1913-இல் இரண்டாம் பால்கன் போர் முடிந்தபோது ருமேனியா தென் டோப்ருஜாவையும் எடுத்துக்கொண்டது. பால்ச்சிக் ருமேனிய ஊரானது. ருமேனிய ராணி மாரி அதைப் பார்த்து மயங்கி, 1920-களின் நடுவில் கடலோரச் சரிவில் மாளிகை கட்டத் தொடங்கினார். கிறிஸ்தவ ராணியின் மாளிகையில் ஒரு மினாரும் எழும்பியது. சரிவு முழுக்கத் தோட்டங்கள், நீரோடைகள், கடலைப் பார்த்த சின்னஞ்சிறு தேவாலயம். ராணியைத் தொடர்ந்து ஓவியர்கள் வந்தார்களா, ஓவியர்கள் வந்த பிறகு ராணி வந்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. இசேர், டிமிட்ரெஸ்கு, பல்லாடி, செசிலியா குட்செஸ்கு-ஸ்டோர்க் என்று ருமேனிய நவீன ஓவியத்தின் பெரிய பெயர்கள் எல்லாம் இங்கே வந்து வெயிலில் உட்கார்ந்து வரைந்தன.

ஏன் வந்தார்கள் என்பது இறங்கிய உடனே தெரிந்துவிடுகிறது. ஊருக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்றுகள் வெள்ளை வெளேரென்று செங்குத்தாக நிற்கின்றன. கடலில் பட்ட ஒளி குன்றில் மோதித் திரும்புகிறது. ஆகவே ஒரு முகத்தின்மேல் இருபுறமிருந்தும் வெளிச்சம் விழுகிறது. நிழல் என்று ஒன்று கறுப்பாக இருப்பதே இல்லை. வெள்ளை மதிலோரம் நின்ற மீன்காரரின் கழுத்தடியில் பார்த்தேன். நிழல் அங்கே பச்சையாகத்தான் இருந்தது. சம்பக்சியான் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் இருந்த அதே சாம்பல் பச்சை. அந்தப் படம் இந்த ஊரில் வரைந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நிறத்தை டோனிட்சா கற்பனையில் கண்டுபிடிக்கவில்லை என்பது எனக்கு அங்கே நிச்சயமானது.

பால்ச்சிக்கில் அவர் வரைந்தவர்களில் துருக்கியப் பெண்களும் தாத்தாரியப் பெண்களும் மிகுதி. கர்ட்ஜாலி, அவர் சிறைப்பட்டிருந்த ஊர், துருக்கியர் நிறைந்தது. முள்வேலிக்கு அப்பால் அவர் பார்த்த பெண்கள் இதே முக்காட்டோடுதான் நடந்திருப்பார்கள். நோயும் பசியுமாக அடைபட்டிருந்த ஆண்டுகளின் நினைவில் அந்த முகங்கள்மேல் வெறுப்பு வளர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே முக்காட்டை, அதே முகத்தை, தன் வாழ்வின் மிக ஒளிமிக்க வண்ணங்களில் எழுதினார். 1930-களில் கிழக்கத்திய அழகி என்று கண்ணைக் கவரும் பொம்மைகளை வரைந்து விற்றவர்கள் ஐரோப்பாவில் நிறையப் பேர். டோனிட்சாவின் துருக்கியப் பெண் யாருக்கும் காட்சிப்பொருளாக உட்காரவில்லை. அந்தக் கறுப்புக் கண்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1933-இல் நண்பர் டிமிட்ரெஸ்கு இறந்ததும் அவர் இடத்தில் யாஷ் கலைப்பள்ளியில் ஆசிரியரானார் டோனிட்சா. ஒரு காலத்தில் தன்னை வெளியேற்றிய அதே பள்ளி. அங்கே அவரிடம் கற்றவர் கோர்னேலியு பாபா; ருமேனியாவின் அடுத்த பெரிய முக ஓவியர். சம்பக்சியானின் முதுமை முகத்தை 1957-இல் வரைந்தவரும் அவரே. 1940 பிப்ரவரியில் டோனிட்சா புக்காரெஸ்ட்டில் இறந்தார், ஐம்பத்து மூன்று வயதில். அதே ஆண்டு செப்டம்பரில் க்ராயோவா உடன்படிக்கையின்படி தென் டோப்ருஜா பல்கேரியாவுக்குத் திரும்பியது. ஏறக்குறைய ஒரு லட்சம் ருமேனியர்கள் வண்டி கட்டிக்கொண்டு வடக்கே போனார்கள். வடக்கிலிருந்து பல்கேரியர்கள் தெற்கே வந்தார்கள். இறந்த ராணி மாரியின் இதயத்தைப் பேழையில் வைத்துப் பால்ச்சிக்கின் கடலோரத் தேவாலயத்தில் பாதுகாத்திருந்தார்கள். அதையும் எடுத்துப் போனார்கள். ஓவியர்கள் வாங்கிய வீடுகள் கைமாறின. துருக்கியரில் பலர் இங்கேயே இருந்தார்கள்.

துறைமுகத்துக்கு மேலே, சரிவில் ஒரு சிறிய தேநீர்க் கடை. நடத்துவது ஒரு துருக்கியத் தாயும் மகளும். மகளுக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. சம்பக்சியான் வீட்டில் அனுமதி பெற்று எடுத்திருந்த படத்தைக் கைப்பேசியில் காட்டி, இப்படி முக்காடு கட்டுகிறவர்கள் யார் என்று கேட்டேன். தாய் ஈரக்கையை முந்தானைத் துணியில் துடைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். தாத்தாரியப் பெண் என்றார். மகள் மறுத்தாள். முடிச்சு பின்னால் போகிறது, ககவூஸ்கள்தான் அப்படிக் கட்டுவார்கள் என்றாள். தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய சித்தி இப்படித்தான் கட்டுவாராம். சித்தி என்ன ககவூஸா? உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவரும் எழுந்து வந்து பார்த்தார். அவருக்கு அந்தப் பெண் பல்கேரியக் கிராமத்துக்காரியாகத் தெரிந்தாள்.

"யாராக இருந்தால் என்ன," என்று தாய் சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள். "உட்காரவைத்து வரைந்தவனை இவளுக்குப் பிடிக்கவில்லை. பார்வையிலேயே தெரிகிறது."

"பிடிக்காதவனை யாராவது இப்படி நேராகப் பார்ப்பார்களா அம்மா?" என்றாள் மகள். இதையும் எனக்காக ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னாள்.

நான் மகளின் பக்கம் என்றேன். தாய் ஒப்புக்கொள்ளவில்லை. கைப்பேசியைத் திருப்பித் தராமல், படத்தை இன்னும் பெரிதாக்கி, வலக்கண்ணைச் சுட்டிக்காட்டி மறுபடியும் வாதத்தைத் தொடங்கினார்.